எல்லைக்கல்லைத் திருடியவரை நான் கண்டுபிடித்த கதை

நில அளவைத் துறையில் முப்பத்துநான்கு வருஷம் சர்வேயராக இருந்தேன். அதில் பாதிக் காலம் என் மனசு லண்டனில் இருந்தது. ஓய்வு பெற்றுவிட்டதால் இதை இப்போது தைரியமாக எழுதலாம். வேலையில் இருந்தபோது சொல்லியிருந்தால் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருப்பார்கள்.

போன மாதம் சங்கீதா அருப்புக்கோட்டையில் என் வீட்டுக்கு வந்திருந்தார். நான் விட்ட இடத்தில் இப்போது சர்வேயராக இருக்கும் பெண். அவர்களிடம் வானத்துச் செயற்கைக்கோளைக் கேட்டு இடம் சொல்லும் கருவி வந்துவிட்டது. கம்பு மாதிரி ஒன்றை நட்டு, கையிலுள்ள பெட்டியைப் பார்த்தால் போதும். அளவுச் சங்கிலி இழுத்த காலத்து அனுபவத்தை அவர்களுடைய ஆண்டு மலருக்கு எழுதித் தரவேண்டும் என்று கேட்டார். "மறக்க முடியாத கேஸு ஏதாச்சும் ஒண்ணு எழுதுங்க சார்" என்றார். நான் ஏதோ சாதித்த கதையை அவர் எதிர்பார்த்திருப்பார். அப்படிப்பட்டவை என்னிடம் இரண்டு மூன்று இருக்கின்றன. அவற்றில் ஒன்றையும் என்னால் முழுதாக நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. மறக்க முடியாதது வேறு.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சங்கிலியைச் சிக்கில்லாமல் விரிக்கக் கற்றேன், நிலத்தின் அளவுகள் வரைந்த புலப்படத்தைத் தலைகீழாகப் பிடிக்காமல் படிக்கக் கற்றேன், வெயிலில் கறுத்தேன். பிறகு திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன் பக்கத்துக் கரிசலிலும் பொட்டலிலும் விட்டார்கள்.

லண்டனுக்கு நான் போனது அருப்புக்கோட்டைப் பழைய பேப்பர் கடை வழியாக. ஒருநாள் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. எடைக்கு வந்த புத்தகக் கட்டு ஒன்றில் அட்டை கிழிந்த ஆங்கில நாவல் ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது. முதல் பன்னிரண்டு பக்கம் கிடையாது. பதின்மூன்றாம் பக்கத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. குதிரை வண்டி ஒன்று ஒரு பெரிய வீட்டு வாசலில் நின்றது. விக்டோரியா ராணி காலத்து லண்டன். தெருவிளக்கு எரிவாயுவில் எரிகிறது. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத மூடுபனி. வீட்டுக்குள் ஒரு பிரபு கம்பளத்தில் செத்துக் கிடக்கிறார்.

நான் தமிழ் வழியில் படித்தவன். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அந்த நாவலை முடிக்க ஏழு மாதம் ஆயிற்று. இரண்டாவது மாதத்தில்தான் அவர் கொலை செய்யப்பட்டிருக்கிறார் என்பது எனக்கு உறுதியானது. அருப்புக்கோட்டையிலிருந்து நரிக்குடி போகிற பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே சீமைக்கருவேலங்காடு ஓடும். உள்ளே புழுதி பறக்கும். என் கையில் மட்டும் விடாத மழை. எங்கள் பக்கம் மழை பார்ப்பதற்கு அந்தப் புத்தகங்களைத் திறப்பதுதான் நிச்சயமான வழியாக இருந்தது.

அதன்பின் அந்த வகை நாவல்களாகத் தேடிப்பிடித்துப் படித்தேன். நாலைந்து படித்த பிறகுதான் அவை அந்த ராணி காலத்தில் எழுதப்பட்டவை அல்ல, நம் காலத்து ஆட்கள் பழைய காகிதங்களைப் பார்த்து எழுதியவை என்று தெரிந்தது. ஒருநாள் முழுக்க ஏமாந்த மாதிரி இருந்தது. மறுநாள் யோசித்தால், நான் செய்கிற வேலையும் அதேதான். என்றோ யாரோ வரைந்த புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த இடத்தில் அப்போது என்ன இருந்தது என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். எங்கள் வட்டாரத்து எல்லைக்கற்களில் பல அதே ராணி காலத்தில் நட்டவை என்று ஆபீசில் சொல்வார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. கல் நடுகிற வேலையில் ஒரு கௌரவம் வந்து சேர்ந்தது.

அந்த நாவல்களில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசி அத்தியாயம். துப்பறிகிறவர் சம்பந்தப்பட்ட எல்லோரையும் கூடத்தில் உட்காரவைப்பார். கணப்பில் நெருப்பு எரியும். இருபது பக்கத்துக்கு அவர் ஒருவரே பேசுவார். ஒருத்தரும் குறுக்கே பேசமாட்டார்கள். நிலம் அளக்கப் போகிற இடத்தில் சர்வேயரை ஒரு வாக்கியம் முடிக்க விட்டதாக எனக்கு ஞாபகமில்லை. "அதெல்லாம் இருக்கட்டும் சார்" என்று ஒருவர், "எங்க அய்யா காலத்துல" என்று இன்னொருவர். இருபது பக்கம் தடையில்லாமல் பேசுகிற மனிதனைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன்.

அப்போது எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் துணை ஆய்வாளர் சரஸ்வதி மேடம். கறுப்புக் குடை, ஆண்கள் போடுகிற டயர்ச் செருப்பு, தோளில் ஒரு துணிப்பை. குரலை உயர்த்தமாட்டார். அவரிடம் எந்த அளவைச் சொன்னாலும் ஒரே கேள்விதான்: "எதுல இருந்து?" கல் நாற்பது மீட்டரில் இருக்கிறது என்றால், எதிலிருந்து நாற்பது. ஊர் பக்கத்தில்தான் மேடம் என்றால், எதிலிருந்து பக்கம். தகராறு இருக்கிற இடத்தில் சங்கிலியை வைக்கவே விடமாட்டார். அங்கே இருக்கிற கல், மரம், வரப்பு எல்லாவற்றிலும் யாராவது ஒருவர் கை பட்டிருக்கும் என்பார். தகராறுக்குச் சம்பந்தமில்லாத தூரத்தில், ஆடாமல் அசையாமல் இருக்கிற கல் ஒன்றைக் கண்டுபிடிக்கவேண்டும். மூன்று கிராம எல்லை சேருகிற இடத்துக் கல் என்றால் உத்தமம். அதிலிருந்து அளந்துகொண்டே தகராறுக்குள் வரவேண்டும். வந்த பிறகு, வேறு ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு தடவை அளந்து வரவேண்டும். இரண்டும் ஒரே புள்ளியில் விழுந்தால் கடப்பாரையை எடுக்கலாம். அதுவரைக்கும் யாரிடமும் எதுவும் சொல்லக்கூடாது.

ஒருமுறை சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் நான் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். கையை நீட்டினார். கொடுத்தேன். கடைசிப் பக்கங்களைத் திருப்பி, குடையைப் பிடித்தபடி நின்றுகொண்டே இரண்டு நிமிஷம் படித்தார். திருப்பிக் கொடுக்கும்போது, "சமையக்காரம்மா" என்றார். நான் ஐந்து மாதமாக அந்தப் பிரபுவின் தம்பியைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். முகம் சுருங்கியதைப் பார்த்திருப்பார் போல. யார் என்று தெரிந்துகொண்டு படித்தால்தான் மற்ற எல்லோரையும் மனுஷராகப் பார்க்க முடியும் என்றார். நான் அதை ஒரு மேலதிகாரியின் கொடுமைகளில் ஒன்றாக மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டேன்.

இனி அந்தக் கேஸ். நரிக்குடிப் பக்கத்தில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். வேலம்மாள் என்ற கைம்பெண்ணுக்கு இரண்டு ஏக்கர் புஞ்சை. அதன் கிழக்கு மூலையில் ஒரு கிணறு. கோடையிலும் அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கிற கிணறு அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். அந்த அம்மாவின் மிளகாய், ஆடு, பிழைப்பு எல்லாம் அதை நம்பி. கிழக்கே ஒட்டிய நிலத்தை ராஜமணி அண்ணாச்சி புதிதாக வாங்கியிருந்தார். பாளையம்பட்டியில் இரும்புக்கடை வைத்திருப்பவர். கம்பி, குழாய், வேலிக்கு வேண்டிய கல்தூண் எல்லாம் விற்கிற கடை. நெல்லிக்கன்று வைக்கப் போகிறேன், ஆடு மேயாமல் வேலி போடவேண்டும், அளந்து எல்லை காட்டுங்கள் என்று மனுக் கொடுத்திருந்தார்.

நோட்டீஸ் கொடுத்து, சங்கிலிக்காரர் முனியாண்டியோடு போனேன். கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய எல்லைக்கல் இல்லை. அதற்குத் தெற்கே இருந்த கல்லை ஓடை அரித்துக்கொண்டு போய்விட்டது. முறைப்படி அரை மைல் தள்ளி இருக்கிற மூன்று கிராமக் கல்லிலிருந்து அளந்து வரவேண்டும். நடுவில் முழுக்கச் சீமைக்கருவேலம். முள்ளை வெட்டி வழி எடுக்கவே ஒருநாள் ஆகும். சித்திரை வெயில். முனியாண்டி என்னைப் பார்த்தார். நான் கிணற்றைப் பார்த்தேன். வடக்குக் கல் ஒன்றிலிருந்து மட்டும் அளந்து, உத்தேசமான இடத்தில் ஒரு சாண் தோண்டச் சொன்னேன். கல் இல்லை. "எடுத்துட்டாக" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அளக்கிற வேலையை அங்கேயே நிறுத்திவிட்டுத் துப்பறிகிற வேலையை ஆரம்பித்தேன். அன்றைக்கு நான் அனுபவித்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. குனிந்து தரையைப் பார்த்தேன். அண்ணாச்சி நிலத்தில் புதிதாகக் கல்தூண்கள் இறக்கியிருந்தன. பக்கத்தில் டிராக்டர் தடம். தூண்களுக்கு நடுவே பழைய கருங்கல் துண்டு ஒன்று உடைந்து கிடந்தது. கிணற்றடியில் அண்ணாச்சியின் கடைப் பெயர் போட்ட பை ஒன்று முள்ளில் மாட்டியிருந்தது. அவரோ மூன்று மாதமாக அந்தப் பக்கமே வரவில்லை என்று சொன்னவர். மூன்று தடயம். நாவல்களில் இரண்டுக்கே ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

மறுவாரம் எல்லோரையும் கண்மாய்க்கரைப் புளியமரத்தடிக்கு வரச்சொன்னேன். அளவை முடிவைச் சொல்லப்போகிறேன் என்று தகவல். கிராம நிர்வாக அலுவலர், தலையாரி, வேலம்மாள், அவர் சொந்தக்காரர்கள், அண்ணாச்சி, அண்ணாச்சியின் மைத்துனர், வேலையில்லாத ஊர்க்காரர்கள் நாற்பது பேர். கணப்பு நெருப்புக்கு வெயில் போதுமானதாக இருந்தது. எழுந்து நின்று கல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். கல் இல்லாமல் போனால் கிணற்றை வளைத்துக்கொள்வது யார், இது யாருக்கு லாபம் என்று கேட்டேன். டிராக்டர் தடத்தைச் சொன்னேன். உடைந்த கல்லைச் சொன்னேன். கடைப் பையை என் துணிப்பையிலிருந்து எடுத்துத் தூக்கிக் காட்டினேன். ஒருத்தரும் குறுக்கே பேசவில்லை. என் உத்தியோக வாழ்க்கையில் முதல் தடவை. கால் மணி நேரம் பேசினேன். கடைசியில் திரும்பி, அண்ணாச்சியைப் பார்த்து, கல்லை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

அண்ணாச்சி பருமனான மனிதர். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"நான் கல்லு விக்கிற கடை வச்சிருக்கேன் சார். எனக்கு எதுக்கு இன்னொரு கல்லு?"

அவ்வளவுதான் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவர் குரலில் கோபம் இல்லாதது எனக்கு அப்போது உறுத்தவில்லை. குற்றவாளிகள் சில சமயம் அப்படித்தான் நடந்துகொள்வார்கள் என்று படித்திருந்தேன். ஊர்க்காரர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு பாராட்டினார்கள். வேலம்மாள் மட்டும் ஒன்றும் சொல்லாமல் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார். கைம்பெண், உணர்ச்சிவசப்பட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த பத்து நாளில் 'கல்லுத் திருடன்' என்ற பெயர் பஸ் ஏறிப் பாளையம்பட்டிக்கு வந்துவிட்டது. கடைக்குத் தூண் வாங்க வந்தவர்களே, இது எந்த ஊர் எல்லையில் எடுத்தது அண்ணாச்சி என்று கேட்டார்களாம். அவர் மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த இடத்திலிருந்து, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். இதெல்லாம் அவர் எழுதிய மனுவில் இருந்தது. மனு சரஸ்வதி மேடம் மேஜைக்கு வந்தது.

என்னைக் கூப்பிட்டார். நான் மூன்று தடயங்களையும் வரிசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பையைப் பற்றி மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார்: "உங்க வீட்டுல அந்தக் கடைப் பை எத்தனை இருக்கு?" யோசித்தேன். நாலு இருந்தது. அந்த வட்டாரத்தில் குழாய் வாங்குகிற எல்லோருக்கும் அது ஒன்றுதான் கடை. பிறகு, மூன்று கிராமக் கல்லிலிருந்து எவ்வளவு வந்தது என்று கேட்டார். அங்கிருந்து அளக்கவில்லை என்றேன். அவர் குடையை எடுத்துக்கொண்டார்.

முள்ளை வெட்டி வழி எடுக்க ஒரு நாளும் முன்பகலும் ஆயிற்று. மேடம் முள் குத்திய செருப்பை இரண்டு தடவை கழற்றித் தட்டினார். மூன்று கிராமக் கல்லிலிருந்து நானே சங்கிலி பிடித்து வந்தேன். வடக்கு வழியாக ஒரு தடவை, கிழக்கு வழியாக ஒரு தடவை. இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தன. நான் முன்பு தோண்டிய சாண் பள்ளத்துக்கு ஓரடி தள்ளி. முனியாண்டி கடப்பாரையைப் போட்டார். ஓரடி, ஒன்றரை அடி, மண்தான். மேடம் நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டடியில் கடப்பாரை கல்லில் பட்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. மண்ணைக் கையால் விலக்கினோம். தலையில் வெட்டிய குறி தேயாமல், நட்டவர்கள் நட்ட மாதிரியே நேராக நின்றது.

யாரும் அதை எடுக்கவில்லை. யாரும் அதைத் தொடவே இல்லை. டிராக்டர் தூண் இறக்க வந்தது, உடைந்து கிடந்த துண்டு வேறு ஏதோ கல். பல வருஷத்துக்கு முன்னால் அந்த மூலை பள்ளமாக இருந்து மழைக்கு வரப்பு உடைந்துகொண்டே இருந்திருக்கிறது. வேலம்மாளின் வீட்டுக்காரர் கண்மாய் வண்டலை டிராக்டர் டிராக்டராகக் கொட்டி அந்த மூலையை மேடாக்கியிருக்கிறார். கல் அடியில் போய்விட்டது. வண்டல் கொட்டியதை வேலம்மாள் முதல்நாளே என்னிடம் சொல்லியிருந்தார். நான் அப்போது டிராக்டர் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல் கிடைத்ததோடு இன்னொன்றும் கிடைத்தது. அதிலிருந்து கோடு இழுத்தால் கிணற்றில் முக்கால்வாசி அண்ணாச்சியின் நிலத்தில் விழுந்தது. நான் பேசாமல் அளந்திருந்தால் அது ஆட்டுக்கு வேலி கேட்ட மனிதரோடு உட்கார்ந்து பேசித் தீர்க்கிற விஷயம். இப்போது அது நான் நாற்பது பேர் முன்னால் திருடன் என்று சொன்ன மனிதரின் கிணறு. வேலம்மாள் கிணற்று விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"எத்தன பேரு முன்னாடி சொன்னீக?" என்று மேடம் என்னிடம் கேட்டார்.

"நாப்பது பேரு இருக்கும் மேடம்."

"அத்தன பேரையும் கூப்புடுங்க."

அதே புளியமரம். அண்ணாச்சியை அழைக்க நானே பாளையம்பட்டி போனேன். கடையில் கூட்டம் இருந்தது. அங்கேயே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தி, புளியமரத்தடியில் வைத்துச் சொல்லுங்கள் என்றார்.

நாவல்களில் இப்படி ஒரு அத்தியாயத்தை நான் படித்ததில்லை. அதனால் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. கல் இருந்த இடத்தில் இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை, நான் அளக்காமல் பேசிவிட்டேன், அண்ணாச்சி மன்னிக்கவேண்டும் என்றேன். நாலு வாக்கியம். பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். மேடம் குடைக்குள்ளிருந்து அவரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, கிணறு தன் இடத்தில் இருப்பது தனக்கே இப்போதுதான் தெரியும் என்றும், தான் கேட்டது வேலி மட்டும்தான் என்றும் சொன்னார். பிறகு தலையை நிமிர்த்தி வேலம்மாளைப் பார்த்தார்.

"அன்னைக்கு நீங்களாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்மா."

வேலம்மாள் எழுந்து நின்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"நீங்க எடுக்கலேன்னு எனக்குத் தெரியும்ய்யா. வண்டல் கொட்டும்போது நானும் கூட நின்னேன், கல்லு உள்ளதான் போச்சு. சர்வேயரு பேசினதக் கேட்டதும் கெணறு எனக்கே நின்னுரும்னு ஆசைப்பட்டு வாய மூடிக்கிட்டேன். தப்புத்தான்."

முப்பத்துநான்கு வருஷத்தில் என் முன்னால் நடந்த ஒரே வாக்குமூலம் அது. அதை நான் கண்டுபிடிக்கவில்லை. அந்த அம்மாவின் மேல் எனக்கு ஒரு சந்தேகமும் வந்ததில்லை. கைம்பெண், ஏழை, அதனால் நிரபராதி என்று முதல் பக்கத்திலேயே முடிவு செய்திருந்தேன். அவரும் என்னைப் போல, அண்ணாச்சியைப் போல, ஆசையும் பயமும் உள்ள ஒரு ஆள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அண்ணாச்சி அந்த நிமிஷம் என்ன சொல்லியிருந்தாலும் சட்டம் அவர் பக்கம் இருந்தது. அவர் மேடத்திடம் திரும்பி, வேலியைக் கல்லிலிருந்து போடாமல் கிணற்றுக்குக் கிழக்கே தள்ளிப் போட்டால் தப்பா என்று கேட்டார். நெல்லிக்கன்றுக்கு வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் மட்டும் வேண்டும் என்றார்.

"உங்க வேலி, உங்க இஷ்டம்" என்றார் மேடம். "கல்ல மட்டும் மறைக்காதீக."

அப்படித்தான் முடிந்தது. கல்லைச் சுற்றிக் குழி வெட்டி, தலை வெளியே தெரிகிற மாதிரி சிமெண்டு கட்டினார்கள். அண்ணாச்சி மகளின் கல்யாணம் கொஞ்சம் தாமதமாக, வேறு இடத்தில் நடந்தது. எனக்குப் பத்திரிகை வரவில்லை. அதில் அவர்மேல் குறையில்லை. எனக்கு ஒரு மெமோ வந்தது. அதற்கு நான் எழுதிய பதில் மிகச் சுருக்கமாக இருந்தது என்று மேடம் சொன்னார். அவர் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

சங்கீதாவிடம் இதைச் சொன்னபோது, எங்கள் கருவி இருந்திருந்தால் பத்து நிமிஷத்தில் இடத்தைக் காட்டியிருக்கும் என்றார். உண்மைதான். ஆனால் அது இடத்தைக் காட்டிய பிறகும் இரண்டடி தோண்டவேண்டியிருந்திருக்கும். தோண்டாமல் பேசுகிறவனுக்கு அந்தக் கருவியில் ஒரு பொத்தானும் இருப்பதாகத் தெரியவில்லை.

நாவல் படிப்பதை விட்டுவிட்டீர்களா என்று கேட்டார். எதற்கு விடவேண்டும்? இப்போது போனிலேயே கிடைக்கிறது. அகராதியும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஏழு மாதம் ஆனது ஏழு நாளில் முடிகிறது. மழையும் மூடுபனியும் குதிரை வண்டியும் அன்றுபோலவே என்னைச் சந்தோஷப்படுத்துகின்றன. ஆளைக் கண்டுபிடிப்பதில் நான் தேறவில்லை; பத்துக்கு ஒன்பது தவறுகிறது.

ஒரு பழக்கம் மட்டும் வந்திருக்கிறது. கடைசி அத்தியாயத்தில் எல்லோரும் கூடத்தில் வந்து உட்கார்ந்து, துப்பறிகிறவர் தொண்டையைச் செருமியதும், நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய் ஒரு டீ போட்டுக் குடிப்பேன். நிதானமாகக் குடிப்பேன். அந்தக் கூடத்தில் யாரோ ஒருவர் பெயர் சொல்லப்படப் போகிறது. அதுவரைக்கும் அவர் மற்றவர்களைப் போல ஒரு மனிதராக இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கட்டும்.